எண்பது வருடம் கிராமத்துக்கு வெளியே

இது கொஞ்சம் நீளமான பதிவு. லிந்துலை, தலவாக்கலை, நாகசேனை, அக்கரபத்தனைப் பக்கத்து உறவுகள் நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

மலையக மக்களின் வாக்குரிமை பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகள் மூன்று ஆண்டுகளை மளமளவென்று ஒப்புவிப்பார்கள். 1931இல் கிடைத்தது, 1948இல் பிரசாவுரிமையோடு சேர்ந்து போகத் தொடங்கியது, 2003இல் மிச்சமிருந்தவர்களுக்கும் திரும்ப வந்தது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் போன தவணை பதினோராம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், ஓட்டுதான் எங்களுக்கு வந்துருச்சே. அப்புறம் ஏன் இவ்வளவு காலமா எங்க லயத்துக்குப் போற ரோட்ட மட்டும் பிரதேச சபை போடல?"

இந்தக் கேள்விக்கு அந்த மூன்று ஆண்டுகளில் பதில் இல்லை. பதில் வேறு இரண்டு ஆண்டுகளில் இருக்கிறது: 1937, 1987. இவை நம் பொதுப் பேச்சில் அதிகம் வருவதில்லை. பாராளுமன்ற வாக்கைப் பற்றிப் பேசிப் பேசியே, அதைவிடக் கீழே நம் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலிருந்த கதவைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கதவு 1948க்கு முன்பே சாத்தப்பட்டது. 2003க்குப் பிறகும் பதினைந்து வருடம் சாத்தியே கிடந்தது.

முதலில் 1931. டொனமூர் ஆணைக்குழு வந்து போனபின், 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு என்ற ஏற்பாடு அந்த ஆண்டுத் தேர்தலில் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்கு 1928இல்தான் கிடைத்தது. மூன்றே வருடத்தில், கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணும் வாக்குப் போடலாம் என்ற நிலை இந்த மலையில் வந்தது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் அதிலும் ஒரு முள் இருந்தது. இந்திய வம்சாவளித் தொழிலாளி தான் இங்கேயே நிரந்தரமாகத் தங்கப் போகிறவர் என்று காட்ட வேண்டும், ஐந்து வருட வதிவிடம் காட்ட வேண்டும். பக்கத்துக் கிராமத்துக்காரரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அப்படியிருந்தும் 1931 சட்ட சபைத் தேர்தலில் ஹட்டனில் பெரி. சுந்தரம் தெரிவானார், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனார். நம் தலவாக்கலைத் தொகுதியில் எஸ்.பி. வைத்திலிங்கம். 1936இல் ஹட்டனுக்குக் கோ. நடேசய்யர் வந்தார். அந்தக் காலத்தில் துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் லயத்துக்குள் கால் வைக்க முடியாது. வைத்தால் அத்துமீறிப் புகுந்த குற்றம். நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனதாகச் சொல்வார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வரும். தொழிற்சங்கக்காரனுக்கும் அரசியல்வாதிக்கும் மூடியிருந்த லயத்து வாசல், தலையில் துணி மூட்டை சுமந்து போன நம் சோனகத் தாத்தாமாருக்குத் திறந்திருந்தது. கடனுக்குச் சீத்தை விற்க வந்தவனால் ஆபத்தில்லை என்று துரைமார் நினைத்திருக்க வேண்டும்.

இனி 1937க்கு வருவோம்.

நாட்டின் சட்ட சபைக்குக் கீழே, ஊரளவில் கிராமச் சங்கங்கள் இருந்தன. பழைய கண்டி இராச்சியக் காலத்து கம்சபாவை ஆங்கிலேயர் 1871இல் சட்டம் போட்டுப் புதுப்பித்த வடிவம் அது. கிராமத்துப் பாதை, கிணறு, சந்தை, சுடுகாடு, சிறு வழக்கு என்பனவெல்லாம் அதன் பொறுப்பு. ஒரு மனிதனின் அன்றாட வாழ்க்கையில் கொழும்புச் சபையைவிட இந்தச் சங்கத்துக்குத்தான் வேலை அதிகம். அந்தப் பழைய சட்டங்களில் கிராமச் சங்கத்துக்கு வாக்களிப்போர் பட்டியலில் ஐரோப்பியர், பறங்கியர், தோட்டத்து இந்தியத் தொழிலாளர் ஆகிய மூன்று சாராரும் இல்லை. முதல் இருவரும் ஊராரோடு சேர விரும்பாதவர்கள். மூன்றாமவர் சேர்க்கப்படாதவர்.

1936க்குப் பிறகு உள்ளூர் நிர்வாக அமைச்சராக இருந்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அவர் 1937இல் கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்தக் கொண்டுவந்த மசோதாவில் ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் கதவு திறந்தது. தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்கு மட்டும் மூடியே இருந்தது. இங்கும் எதிர்ப்பு வந்தது, இந்தியாவிலும் வந்தது. "ஓர் இனத்தின் பேரைச் சொல்லி விலக்குவது எப்படி நியாயம்?" என்று கேட்டார்கள். அதற்குக் கண்ட வழியைக் கவனியுங்கள்: இனப் பெயரை எடுத்துவிட்டார்கள். தோட்டத்திலே, தோட்டம் கொடுத்த குடியிருப்பிலே வசிக்கும் தொழிலாளருக்கு வாக்கில்லை என்ற பொதுச் சொல் வந்தது. எழுத்தில் யார் பேரும் இல்லை. விலக்கப்பட்ட ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்.

நான் இந்த இடத்தை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நிறுத்திச் சொல்வேன். "இந்தியன்" என்பதை எடுத்து "லயத்தில் வசிப்பவன்" என்று போட்ட அந்த ஒரு மாற்றம், பின்னால் வந்த பலவற்றுக்கும் அச்சு மாதிரி ஆகிவிட்டது. முகவரியை வைத்தே மனிதனை விலக்கலாம் என்று நம் நாடு அப்போது பழகிக்கொண்டது. 1948 சட்டத்திலும் இந்தியத் தமிழர் என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரலாறு சொன்னதாக ஆகாது. மலையகச் சிங்களக் கிராமவாசிக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடையதாக்கியது; அவை கோப்பித் தோட்டங்களுக்குப் போயின. பல இடங்களில் கிராமங்கள் தோட்டங்களுக்கு நடுவே நெருக்குண்டு கிடந்தன. தோட்டத்து ஆட்களுக்கும் வாக்குக் கொடுத்தால் தன் ஊர்ச் சங்கமும் தன் கையை விட்டுப் போகும் என்று கிராமத்து விவசாயி பயந்ததில் பொய்யில்லை. ஆனால் காணியை எடுத்தவன் லயத்துக்காரன் இல்லை. எடுத்தவனுக்கு அதே 1937இல் கிராமச் சங்க வாக்கு கொடுக்கப்பட்டது.

இன்னொரு வாதமும் வந்தது: தோட்டத்தை நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது, பாதையும் பீலியும் வைத்தியமும் துரை தருகிறார், ஆகவே தோட்டத்தானுக்குக் கிராமச் சங்கம் எதற்கு? நம் பள்ளிவாசல் ஜமாஅத்தில் சந்தா கட்டாதவருக்கு நிர்வாகத் தெரிவில் வாக்கில்லை என்று சொல்வோமே, கேட்கும்போது அதே போலத் தெரியும். ஆனால் ஜமாஅத்தில் சந்தா கட்டினால் அன்றைக்கே உரிமை வந்துவிடும். லயத்துக்காரன் எதைக் கட்டினாலும் வராது. துரை தருவது தயவு. சங்கம் தருவது உரிமை. தயவில் குறை வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த பத்து வருடத்தை வேகமாகக் கடக்கிறேன், நீங்கள் அறிந்ததுதான். தோட்டத்து வாக்காளர் தொகை 1931இல் சுமார் ஒரு இலட்சம், 1939 அளவில் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. அதைக் கண்டு பதிவு விதிகளை இறுக்கினார்கள், தொகை மறுபடி குறைந்தது. 1939 ஜூலையில் நேரு வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1947 தேர்தலில் அந்தக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ்.எம். சுப்பையா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம். நம் தலவாக்கலையிலோ ஒரு கவிஞரையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அவர். இன்று அவர் பேரைப் புத்தகத்தில் படிக்கிற பிள்ளைக்கு, அவர் நம் தொகுதி எம்.பி. என்பது தெரிவதில்லை.

அடுத்த 1952 தேர்தலில் அந்த ஏழும் பூச்சியம்.

காரணம் மூன்று சட்டங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். காட்டோரத்து லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருந்தது? நம் கிராமத்துச் சிங்களவரிலும் சோனகரிலும் எத்தனை பேரால் பூட்டனின் பிறப்புச் சான்றிதழைக் காட்ட முடியும்? ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். அதன்படி விண்ணப்பித்துப் பிரசையாகலாம். 1946 ஜனவரி 1க்கு முன் திருமணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். மூன்றாவது, அதே 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம்: பிரசையல்லாதவர் பேர் வாக்காளர் இடாப்பில் இருக்காது.

அந்த இரண்டாவது சட்டத்தின் பேரில் "பாகிஸ்தானிய" என்ற சொல் இருப்பதைப் பாருங்கள். இது தோட்டத்துத் தமிழரின் கதை மட்டும் என்று நம்மவர் பலர் நினைக்கிறோம். மலைநாட்டு பஸார்களில் கடை வைத்திருந்த தென்னிந்தியக் கரையோர முஸ்லிம்கள், அதாவது சனத்தொகைக் கணக்கெடுப்பில் "இந்தியச் சோனகர்" என்று தனியாக எழுதப்பட்டவர்கள், அதே வரிசையில் நின்றார்கள். செக்ரோல், சம்பளத் துண்டு, பள்ளிக்கூட இடாப்பு என்று கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடையின் பற்று வரவுக் கொப்பியைக்கூடக் கொண்டு போனதாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். லயத்துக்காரரும் கடைக்காரரும் ஒரே கொப்பியில் இருந்தார்கள். ஒருவர் கடன் வாங்கியவர், மற்றவர் கொடுத்தவர். இருவருக்கும் அது இங்கே வாழ்ந்ததற்கான சாட்சி.

சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1952இல் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974இல் அதையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். ரயிலேறிப் போனவர்களின் கதை தனிப் பதிவுக்குரியது, இங்கே தொடவில்லை. 1988 சட்டம், கடைசியாக 2003 சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும் இலங்கைப் பிரசைகள் என்று 2003இல் எழுதியதோடு நாடற்றவர் என்ற சொல் சட்டப்படி முடிந்தது.

பாடப்புத்தகக் கதை இங்கே முடிகிறது. மாணவியின் கேள்விக்குரிய கதை இங்கேதான் இருக்கிறது.

கிராமச் சங்கங்கள் பிறகு கிராம சபைகளாகி, 1980களின் தொடக்கத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்ததோடு ஒழிந்தன. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. மக்கள் பங்கேற்புடன் பிரதேச அபிவிருத்தி என்பதுதான் அதன் அடிப்படைப் பேச்சு. பிரசாவுரிமை பெற்ற தோட்டத்து மக்கள் இந்தச் சபைகளுக்கு வாக்களித்தார்கள். உறுப்பினர்களையும் அனுப்பினார்கள், தவிசாளர்களும் ஆனார்கள். ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டக் குடியிருப்புகள் தோட்ட நிர்வாகத்தின் எல்லைக்குள் இருப்பவை. ஆகவே பிரதேச சபையின் நிதியை அங்கே செலவழிக்க இடமில்லை என்றே நடைமுறையில் பொருள் கொள்ளப்பட்டது. மீறிச் செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி வரும்.

இதன் அர்த்தத்தைப் பாருங்கள். லயத்திலிருந்து வாக்குப் பெற்று, லயத்திலேயே குடியிருக்கும் ஓர் உறுப்பினர், தன் வாசலில் உடைந்து கிடக்கும் பாதைக்குத் தன் சபையிலிருந்து ஒரு கூடை கல் போட முடியாது. 1937இல் வாக்கில்லை என்றார்கள். 1987இல் வாக்கு உண்டு, பணம் இல்லை என்றார்கள். லயத்துக்காரன் கிராமத்தான் இல்லை என்ற அதே பழைய எண்ணம் சட்டப் புத்தகத்தில் ஐம்பது வருடம் கழித்து மறுபடி தலைகாட்டியது. இதை யாரும் சதி செய்து எழுதியதாக நான் நினைக்கவில்லை. பழக்கத்தில் எழுதியிருக்கலாம். அது சதியைவிட மோசம் என்பது என் அபிப்பிராயம். சதியையாவது யாராவது ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள்.

தோட்டம் தனியார் காணி என்பதும் முழு உண்மையில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளுக்குப் போனது நிர்வாகமும் குத்தகையும்தான், மண் அரசினுடையது. தோட்டங்களிடமிருந்து ஏக்கர் வரி அறவிடவும் பிரதேச சபைச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து சபைக்கு வரி வரலாம். அந்த மலையில் வாழ்பவருக்குச் சபையிலிருந்து வடிகான் போகக்கூடாது.

நம் ஊரிலே இதைக் கண்ணால் காணலாம். லிந்துலை பஸாரும் தலவாக்கலை டவுனும் தலவாக்கலை–லிந்துலை நகரசபைக்குள் இருக்கின்றன. எங்கள் பஸாரில் குப்பை அள்ள ட்ராக்டர் வரும், வீதி விளக்கு எரியும், வடிகான் அடைத்தால் சபைக்குப் போய்ச் சத்தம் போடலாம். பிரதான வீதியிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் போகும் பாதையில் கொஞ்சத் தூரம் நடந்தால் அந்த உலகம் முடிந்துவிடும். குப்பை ஆற்றோரத்தில், விளக்குக் கம்பம் இல்லை, கடிதம்கூட வீட்டுக்கு வராமல் தோட்ட ஆபீஸில் கிடக்கும். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் திகதி கடந்து கைக்குக் கிடைத்த என் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். சொந்த முகவரி இல்லாதவன் பிரசை என்பது காகிதத்தில் மட்டும்தான். பஸாரில் இருக்கும் நாம் அந்த எல்லைக் கோட்டின் வசதியான பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தோம் என்பதையும் நம்மவர் நினைவில் வைப்பது நல்லது.

மக்கள் தொகையும் ஒரு கதை சொல்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். நாட்டின் மற்றப் பகுதிகளில் அதில் சிறு பங்கு மக்களுக்கே ஒரு பிரதேச சபை இருந்தது. இங்கே நகரங்களைத் தவிர்த்தால், அத்தனை பேருக்கும் ஒரு பிரிவில் ஒரு சபை. அக்கரபத்தனை மலை உச்சியிலிருந்து நுவரெலியாவுக்குப் போய் ஒரு முறைப்பாடு கொடுத்துவிட்டு வர ஒரு நாள் பேர் போகும். பேர் போனால் அன்றைய சம்பளம் போகும். பங்கேற்பு என்று மேடையில் பேசும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

2018இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று மூன்றாகவும், அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று மூன்றாகவும் பிரிக்கப்பட்டு, அந்த ஆண்டு பெப்ரவரி 10 தேர்தலில் புதிய சபைகளுக்கு உறுப்பினர் தெரிவானார்கள். உள்ளூராட்சியில் 25 வீதம் பெண்கள் என்ற விதியும் முதன்முதலாக அந்தத் தேர்தலில்தான் அமுலுக்கு வந்தது. பறிப்பதில் பெண்ணும் பேசுவதில் ஆணும் என்றிருந்த மலையில் அது பெரிய விஷயம். அதே ஆண்டில் 33ஆம் பிரிவும் பாராளுமன்றத்தில் திருத்தப்பட்டது. தோட்டத்தில் வாழும் மக்களுக்குப் பாதை, கிணறு போன்ற பொது வசதிகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடலாம் என்றாயிற்று. அதற்காகப் பல வருடம் மலையகச் சிவில் அமைப்புகளும் பிரதிநிதிகளும் கட்சி பேதமில்லாமல் குரல் கொடுத்தார்கள். எந்தக் கட்சி செய்தது என்ற சண்டையைக் கருத்துப் பகுதியில் தயவுசெய்து தொடங்க வேண்டாம்.

ஆனால் "செலவிடலாம்" என்றால் "செலவிட வேண்டும்" என்றாகாது. சபைகளின் வருமானம் சிறியது, தோட்டங்கள் பெரியவை. புதிய சபைகள் நிமிர்ந்து நிற்பதற்குள் கொரோனா வந்தது, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று சொல்லித் தள்ளிப்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் திகதி. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாத சபைகள். எண்பது வருடம் காத்திருந்து திறந்த கதவு ஐந்து வருடம் திறந்திருந்தது, பிறகு இரண்டு வருடம் மூடியிருந்தது.

பாதையும் வடிகானும் சின்ன விஷயம், இதற்கு இவ்வளவு வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மலையில் வாழ்கிறவன் அப்படிக் கேட்கமாட்டான். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதை வடிகான்தான் தீர்மானிக்கிறது. வடிகான் தவறினால் மண் இறங்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்புங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அதை நிறைவேற்ற வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி. தோட்ட நிர்வாகமா, கம்பனியா, அமைச்சா, பிரதேச செயலகமா? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டலாம். ஊர் மக்கள் தெரிவு செய்த ஒரு சபைக்கு அந்த மண்ணின்மேல் வார்த்தையும் பணமும் இருந்திருந்தால், குறைந்தபட்சம் ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து அந்தக் கடிதம் என்னாயிற்று என்று கேட்டிருப்பார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் நம் மாவட்டம் பட்டதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தலவாக்கலையில் நாம் நாளும் காணும் மேல் கொத்மலை அணையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் திறந்தார்கள், 150 மெகாவாட் மின்சாரம். சென் கிளயார் நீர்வீழ்ச்சி வற்றிவிடும் என்று சூழலியலாளரும், வீடு போகும், மண் சரியும் என்று மலையக மக்களும் வருடக்கணக்காக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பினால்தான் திட்டம் சிறிதாகியது. பகலில் சில மணி நேரமாவது வீழ்ச்சிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வந்தால் பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். அந்த முப்பது நாளும் லயத்துப் பெண் காலை ஏழரைக்கு மலைக்குப் போய் மாலையில் வருவாள். கடிதமே ஆபீஸ் வழியாக வருகிற ஒருவருக்கு அந்த அறிக்கை எந்த வழியாக வரும்?

இப்போது சபைகள் மறுபடி இயங்குகின்றன. பிரதேச சபைக் கூட்டம் மாதம் ஒரு முறை நடக்கும், பொதுமக்கள் போய் உட்கார்ந்து பார்க்கலாம். வருட முடிவில் வரவு செலவுத் திட்டம் வரும். தோட்டத்துப் பாதை ஒன்று சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது ஏற்பார்கள் என்று எழுத்தில் கேட்கலாம். 2016இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பதில் தர வேண்டும். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பதினோராம் வகுப்பில் அலுவலகக் கடிதம் எழுதச் சொல்லித்தான் கொடுக்கிறோம்; தபாற்பெட்டிக்குப் போகாத கடிதங்களாகவே அவை புள்ளி வாங்கி முடிகின்றன. அடுத்த தவணை என் வகுப்பில் உண்மைக் கடிதங்கள் எழுதப் போகிறோம். கேட்ட மாணவியின் லயத்துப் பாதைதான் முதலில்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், சாமிப் படத்துக்குப் பின்னால், பழைய குர்ஆன் உறைக்குள் என்று எங்காவது 1930களின் வாக்காளர் பதிவுத் துண்டு, நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ், 1949 சட்ட விண்ணப்பத்தின் பிரதி, நிராகரித்த கடிதம், பழைய செக்ரோல் பக்கம், கடைக் கொப்பி எதுவாவது இருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். கறையான் அரிக்கும் முன் எடுங்கள். ஆட்களின் பெயர், இலக்கம் தெரியும்படி முகநூலில் போட வேண்டாம். உட்பெட்டியில் அனுப்பினால் போதும். பாடசாலை நூலகத்தில் ஒரு கோவை தொடங்கியிருக்கிறோம். இதுவரை அதில் பதினொரு தாள் இருக்கிறது.